முடிவிலித் தொடரைக் கூட்ட நிகழ்தகவு உண்மையிலேயே உதவுமா?

கேள்வி இதுதான்: 1/2 + 2/4 + 3/8 + 4/16 + … என்ற தொடரின் கூட்டுத்தொகை 2 என்பதை நாணயம் சுண்டுவதை வைத்தே காட்டலாம் என்கிறார்களே, அது முறையான நிறுவலா, இல்லை விடை தெரிந்த பிறகு ஒட்டவைத்த கதையா? வேறு தொடர்களுக்கும் இது செல்லுமா?

முறையான நிறுவல்தான். ஆனால் இதை எழுதுகிறவர்களில் பலர் பாதியை விழுங்கிவிடுகிறார்கள், அதனால்தான் கதை போலத் தெரிகிறது. முதலில் அந்த நாணயத்தையே முழுசாகப் பார்த்துவிடலாம்.

தலை விழும்வரை ஒரு நாணயத்தைச் சுண்டிக்கொண்டே இருக்கிறோம். முதல் சுண்டலிலேயே தலை விழ வாய்ப்பு 1/2. முதலில் பூ, இரண்டாவதில் தலை என்றால் 1/4. மூன்றாவதில் முதல் தலை என்றால் 1/8. தலை என்றாவது விழுந்தே தீரும், ஆகவே 1/2 + 1/4 + 1/8 + … = 1. இங்கே "விழுந்தே தீரும்" என்பதைச் சும்மா சொல்லிவிட்டுப் போகக் கூடாது. முதல் பத்து சுண்டலிலும் பூவே விழ வாய்ப்பு 1/1024, இருபதிலும் பூவே என்றால் அது பத்து லட்சத்தில் ஒன்றைவிடக் குறைவு, இப்படியே அது பூச்சியத்தை நெருங்குகிறது. அதனால்தான் மீதி எதுவும் தப்பிப் போகவில்லை என்று சொல்ல முடிகிறது. நிறுவலின் உயிர் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

இப்போது, தலை விழ சராசரியாக எத்தனை சுண்டல் வேண்டும்? எதிர்பார்ப்பு மதிப்பின் வரையறைப்படி 1×1/2 + 2×1/4 + 3×1/8 + …, அதாவது கேள்வியில் உள்ள அதே தொடர். அதை ச என்று வைப்போம். இதே எண்ணை வேறு வழியாகவும் கணக்கிடலாம். ஒரு சுண்டல் எப்படியும் செலவு. பாதி வாய்ப்பில் அதோடு வேலை முடிந்தது. மீதிப் பாதியில் பூ விழுந்து, புறப்பட்ட இடத்திலேயே நிற்கிறோம், நாணயத்துக்குப் பழைய நினைவு கிடையாது, இன்னும் சராசரியாக ச சுண்டல் தேவை. ஆக ச = 1 + ச/2. ச = 2.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. ச என்பது முடிவுறு எண் என்று நாம் எங்கேயும் நிறுவவில்லை. முடிவிலியை அந்தச் சமன்பாட்டில் போட்டாலும் அது பொருந்திவிடும். இதை அடைக்க எளிதான வழி, சுண்டல்களைத் தனித்தனியாக எண்ணுவது. முதல் சுண்டல் நிச்சயம் நடக்கும், இரண்டாவது சுண்டல் நடக்க வாய்ப்பு 1/2, மூன்றாவது நடக்க 1/4. நடக்கிற சுண்டல்களின் சராசரி எண்ணிக்கை 1 + 1/2 + 1/4 + … = 2. எல்லாம் மிகை எண்கள், அதனால் உறுப்புகளை எந்த வரிசையில் கூட்டினாலும் ஒரே விடைதான். ஓட்டை அடைந்தது, விடையும் இரண்டாம் முறை கிடைத்தது.

இந்த முறையின் பலன் அடுத்த படியில்தான் தெரிகிறது. 1/2 + 4/4 + 9/8 + 16/16 + 25/32 + … எவ்வளவு? பாடப்புத்தக வழி என்றால் பெருக்குத் தொடரை இரண்டு முறை வகையிட்டு, நடுவில் ஒரு பெருக்கலை நுழைத்து, குறிகளில் சறுக்காமல் வெளியே வர வேண்டும். நாணய வழியில் இது சுண்டல் எண்ணிக்கையின் வர்க்கத்தின் சராசரி. அதை வ என்போம். பாதி வாய்ப்பில் எண்ணிக்கை 1, வர்க்கமும் 1. மீதிப் பாதியில் எண்ணிக்கை "1 + புதிதாகத் தொடங்கும் எண்ணிக்கை". அதன் வர்க்கத்தின் சராசரி 1 + 2×2 + வ. ஆக வ = 1/2 + (5 + வ)/2, அதாவது வ = 6. கனங்களுக்கும் இதே வேலையைச் செய்தால் 26 வரும், காகிதம் எடுத்துச் செய்து பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

சரி, இதன் உள்ளே நடப்பது என்ன? ஒரே அளவை இரண்டு வழியில் கணக்கிடுகிறோம். நீண்ட வழியில் நம் தொடர் வருகிறது, குறுக்கு வழியில் ஒரு தனி எண் வருகிறது. குறுக்கு வழி தருவது பெரும்பாலும் சமச்சீரோ, "மறுபடியும் அதே நிலைக்கு வந்துவிட்டோம்" என்ற வாதமோ, "இது நிச்சயம் நடக்கும்" என்ற உறுதியோதான். கூட்டல் கஷ்டம் மாயமாக மறைவதில்லை; சரியான சோதனையைக் கண்டுபிடிக்கிற கஷ்டமாக அது இடம் மாறுகிறது.

எல்லா இடத்திலும் இந்த இடமாற்றம் லாபம் தராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு பெட்டியில் ஒரு வெள்ளைப் பந்தும் ஒரு கறுப்புப் பந்தும் இருக்கின்றன. ஒன்றை எடுக்கிறோம், வெள்ளை என்றால் அதைத் திரும்பப் போட்டு, கூடவே இன்னொரு வெள்ளையையும் போடுகிறோம், கறுப்பு வந்ததும் நிறுத்தம். முதல் முறையே கறுப்பு வர 1/2, இரண்டாம் முறை வர 1/2 × 1/3, மூன்றாம் முறை வர 1/2 × 2/3 × 1/4. அதாவது 1/(1×2), 1/(2×3), 1/(3×4). முதல் ந முறையும் வெள்ளையே வர வாய்ப்பு 1/(ந+1), அது பூச்சியத்தை நோக்கிப் போகிறது, ஆகவே இந்தத் தொடரின் கூட்டுத்தொகை 1. அழகுதான், ஆனால் 1/(2×3) = 1/2 − 1/3 என்று பிரித்து அடுத்தடுத்த உறுப்புகளை அடித்தால் ஒரே வரியில் முடிகிற கணக்குக்குப் பெட்டியும் பந்தும் எதற்கு என்று ஒருவர் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஒரு உபரி லாபம் மட்டும் உண்டு: கறுப்பு வர சராசரியாக எத்தனை முறை எடுக்க வேண்டும் என்று கேட்டால் விடை 1 + 1/2 + 1/3 + 1/4 + …, இது முடிவிலி என்பதை 14-ஆம் நூற்றாண்டிலேயே ஒரேம் என்ற பிரெஞ்சு அறிஞர் காட்டிவிட்டார். நிச்சயம் நடக்கிற ஒன்றுக்கான சராசரிக் காத்திருப்பு முடிவிலியாக இருக்கலாம் என்பதற்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

நிகழ்தகவு உண்மையிலேயே உழைத்துச் சம்பாதிக்கிற இடம் என்று நான் காட்டுவது அடுத்ததைத்தான். எண்கோட்டில் 0-இல் நிற்கிறோம், ஒவ்வொரு அடியும் சம வாய்ப்பில் வலப்பக்கம் ஒன்று அல்லது இடப்பக்கம் ஒன்று. முதன்முதலாக +1-ஐத் தொடுவது எப்போது? முதல் அடியிலேயே தொட 1/2. மூன்றாவது அடியில் முதன்முறை தொட ஒரே பாதை (இடம், வலம், வலம்), வாய்ப்பு 1/8. ஐந்தாவது அடியில் தொட 2 பாதைகள், 2/32. ஏழாவதில் 5 பாதைகள், 5/128. ஒன்பதாவதில் 14, அதாவது 14/512. இந்த 1, 1, 2, 5, 14, 42 வரிசைக்குக் கேட்டலான் எண்கள் என்று பெயர், சேர்வியலில் (எத்தனை விதம் என்று எண்ணும் கணிதப் பிரிவில்) எங்கே திரும்பினாலும் எதிரே வந்து நிற்கும்.

எப்போதாவது +1-ஐத் தொடுவதற்கான வாய்ப்பு ப என்று வைப்போம். முதல் அடி வலம் என்றால் தொட்டாயிற்று. இடம் என்றால் −1-இல் நிற்கிறோம். முதலில் 0-க்கு ஏற வேண்டும், அப்புறம் 0-இலிருந்து +1-க்கு ஏற வேண்டும். இரண்டும் அதே மாதிரியான, ஒன்றையொன்று சாராத ஏற்றங்கள், வாய்ப்பு ப². ஆக ப = 1/2 + ப²/2. இதை மாற்றி எழுதினால் (ப − 1)² = 0, ப = 1, வேறு வழியே இல்லை. எனவே 1/2 + 1/8 + 2/32 + 5/128 + 14/512 + … = 1, இரண்டால் பெருக்கினால் 1 + 1/4 + 2/16 + 5/64 + 14/256 + … = 2. உறுப்புகள் மிக மெதுவாகச் சுருங்குகிற தொடர் இது, கணிப்பானில் தட்டிக் கூட்டிப் பார்த்தால் 2-ஐ நெருங்குவதற்குள் பொறுமை போய்விடும். இருபடிச் சமன்பாடு ஒன்று அதைச் சட்டென்று முடித்துவிட்டது.

இதே நடையில் சராசரி நேரத்தையும் கேட்டால் பொறி காத்திருக்கிறது. சராசரி அடிகள் ச என்றால், ஓரடி செலவு, பாதி வாய்ப்பில் இரண்டு ஏற்றம் பாக்கி: ச = 1 + (1/2)×2ச, அதாவது ச = 1 + ச. எந்த முடிவுறு எண்ணும் இதற்குப் பொருந்தாது, ஆகவே 1×1/2 + 3×1/8 + 5×2/32 + 7×5/128 + … விரியும் தொடர், அதாவது அதன் கூட்டுத்தொகை முடிவிலி. நாணயக் கணக்கில் முடிவுறு எண்ணா என்று ஏன் அவ்வளவு கவலைப்பட்டேன் என்பது இங்கே புரியும். அங்கே ஓட்டையை அடைக்காமல் விட்டிருந்தாலும் விடை சரியாகத்தான் இருந்திருக்கும், ஆனால் அது அதிர்ஷ்டம்.

இன்னொரு பொறி, இதைவிட நைசானது. வலப்பக்கம் போக வாய்ப்பு 1/3, இடப்பக்கம் போக 2/3 என்று மாற்றுங்கள். பாதைகளின் எண்ணிக்கை அதே கேட்டலான் எண்கள்தான், தொடர் மட்டும் 1/3 + 2/27 + 8/243 + 40/2187 + … என்று மாறும். சமன்பாடு ப = 1/3 + (2/3)ப². இதற்கு இரண்டு தீர்வுகள், 1-உம் 1/2-உம். எது சரி? "எல்லா வாய்ப்பையும் கூட்டினால் 1 வர வேண்டும்" என்று பழக்கத்தில் எழுதிவிட்டால் தொலைந்தோம், ஏனென்றால் இங்கே இடப்பக்கம் இழுப்பு இருக்கிறது, +1-ஐத் தொடாமலே போய்விடுவதற்கும் வாய்ப்பு உண்டு. ந அடிக்குள் தொடும் வாய்ப்பைப் பாருங்கள்: ந = 0 என்றால் அது 0. அடுத்த ஒவ்வொரு படியிலும் அது, முந்தைய மதிப்பை 1/3 + (2/3)ப² என்ற கோவையில் இட்டால் வருவதைத் தாண்டாது. முந்தைய மதிப்பு 1/2-க்கு மேல் இல்லை என்றால் அந்தக் கோவையும் 1/2-க்கு மேல் போகாது, ஆகவே 0-இலிருந்து புறப்பட்டவர் 1/2-ஐத் தாண்டவே முடியாது. விடை 1/2. முதல் ஐந்து உறுப்புகளைக் கூட்டினால் சுமார் 0.47 வருகிறது, சரியான திசைதான்.

அடுக்குக்குறித் தொடரையும் (1 + த + த²/2 + த³/6 + …) இதே வகையில் பிடிக்கலாம், ஆனால் பாய்சான் பரவல் (அரிய நிகழ்வு எத்தனை முறை நடக்கும் என்பதற்கான வாய்ப்புகளின் பட்டியல்) வழியாக வேண்டாம். அந்தப் பரவலின் வாய்ப்புகள் எல்லாம் கூடி 1 ஆகின்றன, ஆகவே தொடர் இவ்வளவு என்று எழுதுவார்கள். அந்தப் பரவலின் முன்னால் நிற்கிற மாறிலியே அந்தத் தொடரின் கூட்டுத்தொகையிலிருந்துதான் வந்தது, சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வருகிறோம். நேர்மையான வழி ஒன்று உண்டு. 0-க்கும் 1-க்கும் இடையில் சமவாய்ப்பில் எண்களை எடுத்துக் கூட்டிக்கொண்டே போங்கள், மொத்தம் த-ஐத் தாண்டியதும் நிறுத்துங்கள் (த 1-க்கு மேற்படாத ஓர் எண்). சராசரியாக எத்தனை எண்கள் வேண்டும்? முதல் எண் எப்படியும் எடுக்கிறோம். இரண்டாவதை எடுக்க வேண்டியது முதல் எண் த-க்குள் இருந்தால்தான், வாய்ப்பு த. மூன்றாவது எண் தேவைப்பட முதல் இரண்டின் கூட்டல் த-க்குள் இருக்க வேண்டும், அது ஒரு முக்கோணத்தின் பரப்பு, த²/2. அடுத்தது நான்முகி ஒன்றின் கன அளவு, த³/6. ஆக சராசரி 1 + த + த²/2 + த³/6 + த⁴/24 + …

குறுக்கு வழி: சராசரியை ம(த) என்று எழுதுவோம். முதல் எண் உ என்று விழுந்து த-க்குள் இருந்தால், மீதி த − உ தூரத்துக்கு அதே ஆட்டம். ஆகவே ம(த) என்பது 1 கூட்டல் 0 முதல் த வரை ம-இன் தொகையீடு. இரண்டு பக்கமும் வகையிட்டால், ம-இன் மாறுவீதம் ம-ஏ; தொடக்கத்தில் ம(0) = 1. அப்படிப்பட்ட சார்பு ஒன்றே ஒன்றுதான், அடுக்குக்குறிச் சார்பு. த = 1 என்று வைத்தால், மொத்தம் 1-ஐத் தாண்ட சராசரியாக 2.71828… எண்கள் தேவை. கணினியில் நாலு வரி நிரல் எழுதிச் சில லட்சம் முறை ஓட்டினால் 2.718-ஐ ஒட்டி வந்து நிற்கும்.

இப்போது பெரிய மீன். 1 + 1/4 + 1/9 + 1/16 + … இதன் கூட்டுத்தொகை என்ன என்று 17-ஆம் நூற்றாண்டில் மெங்கோலி என்ற இத்தாலியக் கணிதவியலாளர் கேட்ட கேள்விக்கு ஆய்லர் 1735-இல் பையின் வர்க்கத்தை 6-ஆல் வகுத்தது என்று விடை சொன்னார். இதற்கு நிகழ்தகவு வழியில் ஒரு நிறுவலை 2011-இல் லூயிஜி பாச்சே என்பவர் சில பக்கக் கட்டுரையாக வெளியிட்டார். எனக்குத் தெரிந்து இந்த முறையின் மிக அழகான பயன்பாடு அதுதான். சாரம் இது.

0 முதல் 90 பாகைக்குள் இரண்டு கோணங்களை, ஒன்றையொன்று சாராமல், சமவாய்ப்பில் எடுங்கள். அவற்றின் டேன்ஜெண்ட் மதிப்புகள் க, ச. கேள்வி: க, ச-ஐவிடச் சிறியதாக இருக்க வாய்ப்பு என்ன? யோசிக்கவே வேண்டாம், இரண்டும் ஒரே மாதிரி எடுக்கப்பட்டவை, 1/2. குறுக்கு வழி முடிந்தது.

நீண்ட வழியில், க-இன் நிகழ்தகவு அடர்த்திச் சார்பு 2/(பை×(1 + க²)); பை உள்ளே நுழைவது கோணத்தின் வழியாக, இந்த இடத்தில்தான். ச-க்கும் அதே. க/ச என்ற விகிதத்தின் அடர்த்தியைக் கணக்கிட, ச-இன் எல்லா மதிப்புகளின் மேலும் தொகையிட வேண்டும்; பகுதிப் பின்னங்களாகப் பிரித்தால் சுலபமாக வரும். விகிதத்தை ர என்று எழுதினால் கிடைப்பது (4/பை²) × (ர-இன் இயல் மடக்கை)/(ர² − 1). விகிதம் 1-க்குள் இருக்க வாய்ப்பு 1/2 என்று ஏற்கெனவே தெரியும், ஆகவே (ர-இன் மடக்கை)/(ர² − 1) என்ற சார்பை 0 முதல் 1 வரை தொகையிட்டால் பை²/8 வந்தே ஆக வேண்டும். 0-க்கும் 1-க்கும் இடையில் மேலும் கீழும் குறை எண்கள், அதனால் மொத்தம் மிகை எண்ணே. இனி 1/(1 − ர²) என்பதை 1 + ர² + ர⁴ + … என்று பெருக்குத் தொடராக விரித்து, ஒவ்வொன்றையும் மடக்கையோடு பெருக்கித் தொகையிட்டால், உறுப்புகள் 1, 1/9, 1/25, 1/49 என்று வரிசையாக வந்து விழும். எல்லாம் மிகை என்பதால் தொகையீட்டையும் கூட்டலையும் இடம் மாற்றுவதில் சிக்கல் இல்லை. ஆக, ஒற்றை எண்களின் வர்க்கத் தலைகீழ்கள் கூடி பை²/8.

இரட்டை எண்களின் பங்கு முழுத் தொடரில் சரியாகக் கால்வாசி (ஒவ்வொன்றிலும் 2-இன் வர்க்கத்தை வெளியே எடுத்துப் பாருங்கள்), ஒற்றை எண்களின் பங்கு முக்கால்வாசி. பை²/8-ஐ 3/4-ஆல் வகுத்தால் பை²/6, அதாவது 1.6449… மொத்த நிறுவலிலும் புத்திசாலித்தனமான வரி ஒன்றே ஒன்றுதான், அந்த 1/2.

இதே தொடருக்கு இன்னொரு நிகழ்தகவுப் பொருளும் உண்டு, அதைத்தான் பலர் நிறுவல் என்று நினைத்துவிடுகிறார்கள். 1 முதல் மிகப் பெரிய ஓர் எண் வரை இரண்டு எண்களைச் சமவாய்ப்பில் எடுத்தால், அவற்றின் மீப்பெரு பொது வகுத்தி 1 ஆக இருக்க வாய்ப்பு எந்த மதிப்பை நெருங்கும்? அந்த எல்லை மதிப்பு க என்றால், வகுத்தி 2 ஆக இருக்க க/4, 3 ஆக இருக்க க/9, இப்படியே போகும்; எல்லாம் கூடி 1 ஆக வேண்டும், ஆகவே க × (1 + 1/4 + 1/9 + …) = 1. க = 6/பை², சுமார் 0.608. ஆனால் இந்த 0.608 எங்கிருந்து வந்தது? ஆய்லரின் விடையிலிருந்து. சமன்பாடு ஒன்று, தெரியாதவை இரண்டு. க-ஐத் தனியாகக் கண்டுபிடிக்கிற குறுக்கு வழி ஏதும் இந்தச் சோதனைக்குள் இல்லை.

கனங்களுக்குப் போனால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். 1 + 1/8 + 1/27 + 1/64 + … என்பதன் மதிப்பு 1.2020569…, மூன்று எண்களை எடுத்தால் மூன்றுக்கும் 1-ஐத் தவிரப் பொது வகுத்தி இல்லாமல் இருக்க வாய்ப்பு அதன் தலைகீழ், சுமார் 0.832. சோதனை கச்சிதமாக இருக்கிறது, கணினியில் ஓட்டியும் பார்க்கலாம். ஆனால் அந்த 0.832-ஐச் சமச்சீராலோ வேறு எதாலோ மறுபக்கமிருந்து சொல்கிற வாதம் இதுவரை யாருக்கும் கிடைக்கவில்லை. 1.2020569… ஒரு விகிதமுறா எண் என்பதையே 1978-இல்தான் அப்பேரி என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் நிறுவினார், பையை வைத்து அதை எழுத முடியுமா என்பது இன்றும் திறந்த கேள்விதான்.